கெப் வாகனத்தில் 'டிக் டிக்' சத்தமா? முதலில் டயரைப் பாருங்கள்

ஓடும்போது கெப்பில் (பிக்கப்பில்) 'டிக் டிக்' என்று கேட்டால், கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு உதிரிப்பாகம் தேடிப் போகுமுன் நான்கு டயர்களின் பள்ளங்களையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிக்கிய சல்லிக்கல் சில்லு சுற்றும் ஒவ்வொரு முறையும் தரையில் தட்டும். பிக்கப் டயர்களின் அகன்ற பள்ளங்கள் கல்லுக்கு நல்ல இருப்பிடம். கட்டட வேலை நடக்காத ஒழுங்கை கொழும்பில் எங்கே இருக்கிறது?

ஒரே வேகத்தில் கியரை மாற்றியும் தாளம் மாறாவிட்டால், சத்தம் எஞ்சினில் இல்லை, சில்லோடு சேர்ந்து சுழலும் பாகத்தில்தான். கல்லென்றால் திருப்புளியால் நெம்பி எடுங்கள். ஆணியென்றால் தொடாதீர்கள், காற்று இறங்கிவிடும். டயர்க் கடைக்குப் போங்கள். சில்லு நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அது சத்தப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்டும் கேட்டால் இந்தக் குறிப்பு உதவாது: முன் அச்சின் சிவி ஜொயின்ட் (திரும்பும் முன் சில்லுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் மூட்டு) தேய்ந்திருக்கலாம். ரிவர்ஸ் போட்டதும் ஒரேயொரு 'டக்' என்றால் புரொப்பெலர் சாஃப்டின் (கியர்பொக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்) மூட்டான குரொஸ் ஜொயின்டைச் சந்தேகியுங்கள். இரண்டுமே கராஜ் வேலைதான்.