முகாம் அட்டைக்காரரோடு கல்யாணம்: சென்னையில் முறையாக நடத்திப் பதிவு செய்வது எப்படி

மாப்பிள்ளை இந்தியக் குடிமகன், பெண் புழலில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவர். அல்லது பெண் வளசரவாக்கத்துக்காரர், மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டி முகாம். இப்படி ஒரு சம்பந்தம் பேச்சுக்கு வந்ததும் இரண்டு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: சட்டம் விடுமா?

விடும். இந்து திருமணச் சட்டம் 1955-ன் 5-வது பிரிவும், சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் 4-வது பிரிவும் வயது, சம்மதம், உயிரோடு இருக்கும் வேறு துணை இல்லாமை, தடுக்கப்பட்ட உறவுமுறை ஆகியவற்றைத்தான் பார்க்கின்றன. குடியுரிமையைக் கேட்கும் வரி அந்த நிபந்தனைகளில் இல்லை. விரும்பியவரை மணக்கும் உரிமை அரசமைப்பின் 21-வது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஹாதியா வழக்கில் சொன்னது. அந்தப் பிரிவு பேசுவது எந்த ஒரு மனிதரையும் பற்றி; குடிமக்களோடு அது நின்றுவிடுவதில்லை. ஆகவே யாரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். சிக்கல் முழுக்கக் காகிதத்தில்தான் வரும், அதை முகூர்த்த நாளுக்கு முன்பே சரிசெய்துவிட முடியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். கல்யாணம் ஆனதாலேயே குடியுரிமை கிடைத்துவிடாது. அந்த நம்பிக்கையோடு நடத்தும் கல்யாணங்கள் பாஸ்போர்ட் அலுவலகக் கவுன்டரில் போய் உடைகின்றன. அதேபோல, முகாம்காரரைக் கட்டினால் இந்தியருடைய குடியுரிமை போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினால், அதுவும் பொய்.

முதலில் அவருடைய பதிவைப் பாருங்கள்

முகாமில் இருப்பவருக்குக் குடும்ப அடையாள அட்டை இருக்கும். வெளியே வாடகை வீட்டில் இருப்பவருக்குக் காவல் நிலையப் பதிவு இருக்கும். இதில் பார்க்க வேண்டிய முக்கியமான தேதி 2015 ஜனவரி 9. அந்த நாள் வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாதது தொடர்பான சட்டப்பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இந்த வகையினர் தயக்கமில்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.

அதற்குப் பிறகு வந்தவர், குறிப்பாக 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தவர், எங்கேயும் பதிவில் இல்லை என்றால் நேராக விண்ணப்பத்தை நீட்டாதீர்கள். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025, செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. விசா முடிந்தும் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். கல்யாணம் செல்லும் என்றாலும், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதம் அவர் இங்கே இருப்பதற்கான ஒப்புதலாகவும் ஆகிவிடும். வக்கீலைப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். பெண்களுக்கும் இனக்கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

எந்தச் சட்டத்தின் கீழ்?

இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டம்தான் சுலபமான வழி. கோயிலில் நடத்தலாம், மண்டபத்தில் நடத்தலாம். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் வந்த 7-ஏ பிரிவின்படி, சடங்கோ புரோகிதரோ இல்லாத சுயமரியாதைத் திருமணமும் முழுக்கச் செல்லும். உற்றார், நண்பர், வேறு யாராவது முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால், இதில் எது ஒன்றும் போதும். வக்கீல்கள் தங்கள் தனிப்பட்ட முறையில், நண்பராகவோ உறவினராகவோ இதை நடத்தி வைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கோயிலில் நடத்துவதாக இருந்தால், நாள் குறிக்கும் முன்பே அங்கே என்னென்ன சான்று கேட்பார்கள் என்று அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். முதல் திருமணம்தான் என்பதற்கான வருவாய்த்துறைச் சான்று பல கோயில்களில் கேட்பார்கள். முகாம்வாசிக்கு அது கிடைக்க நாளாகும்.

இருவரும் கிறிஸ்தவர்கள் என்றால் தேவாலயத் திருமணப் பதிவேடு, முஸ்லிம்கள் என்றால் ஜமாத்தின் நிக்காஹ் பதிவு. மதம் வேறு வேறாக இருந்து யாரும் மாற விரும்பாவிட்டால் சிறப்புத் திருமணச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் கால அவகாசம் கூடுதல். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முந்தைய 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்ததும் அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். மற்றவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போகும். கும்மிடிப்பூண்டி முகாம் திருவள்ளூர் மாவட்டம் என்பதை இங்கே மறக்க வேண்டாம். 30 நாள் ஆட்சேபனைக் காலம் முடிந்த பிறகே திருமணம், அறிவிப்பு கொடுத்த 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. 3 சாட்சிகள் தேவை. ஆட்சேபனையை 4-வது பிரிவின் காரணங்களை வைத்து மட்டுமே எழுப்ப முடியும். 'அவன் அகதி' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அது ஆட்சேபனையே ஆகாது.

இதில் ஒரு பொறி உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் ரத்த சொந்தம் இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் என்று முறையில் பேசி முடிப்பார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் அட்டவணையில் மாமன் மகளும் அத்தை மகளும் தடுக்கப்பட்ட உறவுகள். வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க, அந்த வழக்கம் அரசிதழில் அறிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் நம் ஊர் வழக்கம் அப்படியே ஏற்கப்படுகிறது. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்றால் 7-ஏ பக்கம் போங்கள்.

கோப்பு தயாரித்தல்

வயதுக்கும் அடையாளத்துக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். வயதுக்கு இலங்கைப் பிறப்புச் சான்று, இல்லாவிட்டால் இங்கே படித்த பள்ளியின் மாற்றுச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அடையாளத்துக்கும் முகவரிக்கும் முகாம் அட்டை, ஆதார், ஓட்டுநர் உரிமம். முகாம்வாசிகளில் பலரிடம் ஆதார் இருக்கிறது. அது வசிப்பிட அடையாளம் மட்டுமே என்பதால் அதை வைத்திருப்பதில் தவறில்லை, அதனால் குடியுரிமை வந்துவிடுவதும் இல்லை. இலங்கைப் பிறப்புச் சான்று சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பு சேருங்கள். தொலைந்திருந்தால் நுங்கம்பாக்கத்தில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம். 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தக் காகித வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது, அவர்களிடமும் உதவி கேளுங்கள்.

பெரும்பாலும் கோப்பு திரும்புவது பெயர் எழுத்தால். பிறப்புச் சான்றில் 'செல்வராசா இராசேஸ்வரி', முகாம் அட்டையில் 'செ. ராஜேஸ்வரி', ஆதாரில் 'ராஜேஸ்வரி செல்வராஜ்'. இலங்கையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால் வரும், இங்கே முதலெழுத்தாகச் சுருங்கும். முகாமில் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இந்த மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று, மூன்று எழுத்து வடிவத்தையும் அப்படியே எடுத்துக்காட்டி, முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். திருமணச் சான்றில் எந்த வடிவம் வர வேண்டும் என்பதையும் அதிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் யோசனை: பிறப்புச் சான்றில் உள்ளதே. பிள்ளையின் காகிதமும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் பின்னாளில் அதோடுதான் ஒத்துப்போக வேண்டியிருக்கும்.

நாட்டுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கை' என்றே எழுதுங்கள். வாக்காளர் அட்டை 'ஏற்பாடு செய்து தரும்' தரகர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் விடாதீர்கள். இன்றைக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். பத்து வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, பொய் சொன்னவர் என்ற ஒரே வரியில் கோப்பு மூடப்படும். போலிப் பாஸ்போர்ட், விசா என்றால் 2 முதல் 7 ஆண்டு சிறை.

முந்தைய கல்யாணம் இருந்தால்

போரில் கணவர் காணாமல் போன பெண்கள் இருக்கிறார்கள். இதை நிதானமாகப் படியுங்கள். இலங்கை அரசு காணாமல் போனவர்களுக்கு இரண்டு வகைச் சான்று தருகிறது. ஒன்று, 2010 தற்காலிகச் சட்டத்தின் கீழ் மரணச் சான்று. இன்னொன்று, 2016 திருத்தத்தால் வந்த 'காணாமற்போனமைச் சான்று'. மரணச் சான்று இருந்தால் மறுமணத்துக்குத் தடை இல்லை. இரண்டாவது சான்று அவர் இறந்தார் என்று சொல்வதில்லை, திருமணத்தையும் கலைப்பதில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று யாராவது வழக்குப் போட இடம் கொடுக்கும்.

அப்படிப்பட்ட நிலையில், 7 ஆண்டு உயிரோடு இருப்பதாகத் தகவல் இல்லை என்ற காரணத்தை வைத்து, இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிவிடுங்கள். காலம் பிடிக்கும். அந்த மனுவை எழுதுவது எவ்வளவு வலி என்பதும் தெரியும், அவர் வருவார் என்று காத்திருக்கும் மாமியார் பக்கத்து வரிசையிலேயே இருப்பார். ஆனாலும் தீர்ப்பு இல்லாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில்

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி எல்லா மதத் திருமணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். திருமணம் நடந்த நாளிலிருந்து 90 நாள் கெடு, கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் பதிவு செய்து, அச்செடுத்துக்கொண்டு போங்கள். அழைப்பிதழ், கோயில் ரசீது அல்லது மண்டப ரசீது, தாலி கட்டும்போது எடுத்த படம், இருவர் புகைப்படங்கள், அடையாள அட்டையோடு சாட்சிகள். கல்யாணம் நடந்த இடம் எந்த அலுவலக எல்லையில் வருகிறதோ அங்கேயே பதிவு செய்வதுதான் கேள்வி குறைவான வழி.

கவுன்டரில் கேட்கக்கூடியது: 'வெளிநாட்டவர்னா தூதரகத்துல தடையின்மைச் சான்று வாங்கிட்டு வாங்க.' போரில் தப்பி வந்தவரைத் தன் நாட்டுத் தூதரகத்தில் போய் நிற்கச் சொல்வது எல்லோருக்கும் இயலாத காரியம். போக முடிந்தவர் வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை விரைவாக முடியும். முடியாதவர், தான் மணமாகாதவர் என்ற உறுதிமொழிப் பத்திரமும், முகாம் அட்டையில் துணை என்று யாரும் இல்லாததைக் காட்டும் நகலும் கொடுத்து, ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் குரலை உயர்த்தாதீர்கள். 'மறுப்புக் காரணத்தை எழுத்தில் தாருங்கள்' என்று மனுவாக எழுதி, உள்வரவு முத்திரையோடு நகல் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது, அந்த முத்திரைதான் உங்கள் பிடி. மாவட்டப் பதிவாளரிடம் தாமதிக்காமல் மேல்முறையீடு, அதிலும் ஆகாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு.

சான்று கைக்கு வந்ததும் எழுத்துப் பிழையை அந்த இடத்திலேயே பாருங்கள். சான்றிட்ட நகல் இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். முகாம் வருவாய் ஆய்வாளரிடமும் தகவல் சொல்ல வேண்டும். முகாமை விட்டு வெளியே குடிபோவதாக இருந்தால் முகவரி மாற்றத்தை எழுத்தில் கொடுக்காமல் போகாதீர்கள். முகாம் தணிக்கையில் ஆள் இல்லை என்று பெயர் நீங்கினால், அவரிடம் இருக்கும் ஒரே அரசுப் பதிவும் போய்விடும்.

குடியுரிமையும் பிள்ளைகளும்

குடியுரிமைச் சட்டம் 1955-ன் 5(1)(சி) பிரிவில், இந்தியரை மணந்து 7 ஆண்டு இங்கே வசித்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி' கேட்க முடியாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரை அந்த வரையறைக்குள்தான் வைக்கிறார்கள். 2025 விலக்கு ஆணை அந்த வரையறையைத் திருத்தவில்லை. சிலரை அந்த வரையறையிலிருந்து விலக்கிய 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை. இருந்தும் ஒருவர் தன் பிறந்த தேதியைச் சரிபார்க்காமல் விடக் கூடாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இப்படித்தான் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கொடுமையாக இருக்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் சென்னையில் பிறந்து வளர்ந்தவர், குழந்தை எழும்பூர் மருத்துவமனையில் பிறந்தது, ஆனாலும் தகப்பனின் படகுப் பயணம் குழந்தையின் குடியுரிமையைப் பறிக்கிறது. இது மாற்றப்பட வேண்டும்.

மாறும் வரை செய்ய வேண்டியவை: பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள், பெற்றோர் பெயர்கள் திருமணச் சான்றில் உள்ள எழுத்திலேயே வரட்டும். இலங்கைச் சட்டத்தின்படி தகப்பனோ தாயோ இலங்கையராக இருந்தால், பிறந்த ஓர் ஆண்டுக்குள் துணைத் தூதரகத்தில் பதிந்து குழந்தைக்கு அந்தக் குடியுரிமையைப் பெறலாம். நாடற்ற பிள்ளையாக வளர்வதைவிட ஏதாவது ஒரு நாடு இருப்பது பாதுகாப்பு. இந்தியக் குடியுரிமைதான் வேண்டும் என்றால், இந்த முடிவை எடுக்கும் முன்பே வக்கீலிடம் குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவைப் பற்றிக் கேளுங்கள். சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்த ஒரு மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. 18 வயது தாண்டினால் அந்த வழி அடைபடும், ஆகவே பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.