கஷாயம் காய்ச்சலை இறக்குமா? எலியிடம் கேட்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வேலியோரம் நிலவேம்பு நிற்கும். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள். கஷாயம் குடித்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். மூன்றாம் நாள் பல காய்ச்சல்கள் தானாகவே விடும், தம்பி. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தே. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு வேலை பார்த்தவன் என்பதால் இறுதியாண்டுப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்.

முதலில் பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. அது கையில் வராமல் எலியைத் தொடாதீர்கள். செடியைப் பூவோடு பறித்துத் தாவரவியலாளரிடம் காட்டி, ஒரு மாதிரியை உலர்த்தி எண்ணிட்டு வையுங்கள். மற்றதை நிழலில் காயவைத்துப் பொடித்து, வெந்நீரிலோ எத்தனாலிலோ சாறு இறக்கி, வடிகட்டி வற்ற வையுங்கள். எத்தனை கிராம் பொடிக்கு எத்தனை கிராம் சாறு கிடைத்தது என்று எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

எலிக்குக் காய்ச்சல் வரவைப்பது ஈஸ்ட். 20 சதவீத ஈஸ்ட் கரைசலை, கிலோ எடைக்கு 10 மில்லி கணக்கில், தோலுக்கடியில் போடுவார்கள். மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற, காய்ச்சலைக் கிளப்பும் வேதிப்பொருள் கூடி உடம்பு சுடும். 18 மணி நேரம் கழித்து ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஊசி போடுமுன் இருந்ததைவிட ஒரு டிகிரி செல்சியஸாவது ஏறாத எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏறியவற்றைச் சீட்டுப் போட்டு, குழுவுக்கு ஆறாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்குச் சாறு கலக்காமல், அதைக் கரைக்க எடுக்கும் திரவம் மட்டும், ஒன்றுக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 150 மில்லிகிராம், மற்றவற்றுக்கு மூன்று அளவுகளில் சாறு. எல்லாம் வாய் வழியாக. பிறகு நான்கு மணி நேரம், மணிக்கு ஒரு முறை வெப்பம்.

இங்கேதான் கை பழகியிருக்க வேண்டும். கையில் பிடித்துப் பயந்த எலிக்குச் சில நிமிடங்களிலேயே சூடு ஏறும். சில நாள் முன்பிருந்தே வெப்பமானி வைத்துப் பழக்குங்கள். அளப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், எந்த எலி எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது. அறையின் ஏர்கோன் (குளிர்சாதனம்) விட்டு விட்டு ஓடினால் அன்றைய அளவுகளை நம்பவே முடியாது.

சாறு கொடுத்த குழு, வெறும் திரவம் குடித்த குழுவைவிடத் தெளிவாக இறங்கியதா? சரி, அதோடு நிறுத்தாதீர்கள். காய்ச்சலே இல்லாத எலிகளுக்கும் அதே சாற்றைக் கொடுத்துப் பாருங்கள். அவற்றுக்கும் சூடு குறைந்தால், சாறு உடம்பையே குளிர்விக்கிறது என்றுதான் அறிக்கையில் எழுத வேண்டும், காய்ச்சல் மருந்து என்று எழுதக் கூடாது.