கதவைத் திறக்கும் முன் காற்றைப் பாருங்கள்: ஐஸ்லாந்தில் குடும்பத்தோடு ஒரு கார் பயணம்

போன ஜூலையில் வடக்கு ஐஸ்லாந்தின் மீவட்ன் ஏரிக்குக் கிழக்கே, ஹ்வேரிர் கொதிசேற்றுக் குழிகளின் அருகே வண்டியை நிறுத்தியிருந்தேன். தரை முழுவதும் செம்மஞ்சள். கந்தக வாடை வீசும் ஆவி மேலே எழாமல் தரையோடு படுத்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. திறந்திருந்த முன் ஜன்னல் வழியே தமிழ் கேட்டது. பின் இருக்கையில் இருந்த பையன் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டான். நான் ஓடிப்போய் வெளியிலிருந்து கதவை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன்.

"காற்று பின்னாலிருந்து அடிக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்" என்றேன். பையனின் அம்மா திகைத்துப்போனார். "அவ்வளவு காற்றா அக்கா? வழியில் போர்டில் பதினாறுதான் போட்டிருந்தது" என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரிடம் இதையேதான் சொன்னேன். எண் மட்டும்தான் வேறு.

மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், விடுதியை முன்பதிவு செய்யுங்கள் என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பணம் கொடுத்தும் பயந்தும் கற்றுக்கொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

போர்டில் இருக்கும் எண் கிலோமீட்டர் அல்ல

ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் முதலாம் எண் சாலை சுமார் 1,320 கிலோமீட்டர் நீளம். காற்று பலமாக வீசும் இடங்களுக்கு முன்னால் மின்னணுப் போர்டுகள் வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை, காற்றின் திசை, வேகம் எல்லாம் அதில் ஓடும். அந்த வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அறிய 3.6 ஆல் பெருக்க வேண்டும். அந்தப் பையனின் அம்மா பார்த்த பதினாறு, மணிக்கு 58 கிலோமீட்டர்.

நான் பார்த்தது 12. அதோடு இன்னோர் எண்ணும் மின்னியது: 22. முதலாவது சராசரிக் காற்று, இரண்டாவது இடையிடையே வந்து அறையும் வீச்சு. எனக்கு அன்று அந்த வேறுபாடும் தெரியாது, அலகும் தெரியாது. 22 கிலோமீட்டர் என்றால் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் காற்று என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது மணிக்கு 79 கிலோமீட்டர். நம் வானிலை ஆய்வு மையம் 62 கிலோமீட்டரைத் தொட்டாலே புயல் என்று சொல்லிவிடும். அது தொடர்ந்து வீசும் காற்றுக்கான அளவு, இது சில நொடி வீச்சு என்பது உண்மைதான். ஆனால் ஒரு கார் கதவைப் பிய்க்கச் சில நொடி போதும்.

இடம் தெற்கே, செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவி. சுமார் 60 மீட்டர் உயரம். பின்னால் நடந்துபோய் நீர்த்திரை வழியே வெளியே பார்க்கலாம். 2010 இல் ஐரோப்பாவின் விமானங்களை நாள்கணக்கில் நிறுத்திவைத்த எய்யாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலையின் மேற்கு அடிவாரம் அது. அந்த மலையைத் தாண்டி வரும் காற்று சரிவில் இறங்கும்போது உடைந்து, ஒரு நிமிடம் அமைதியாக இருந்து மறு நிமிடம் பாய்கிறது. அந்த அமைதியைத்தான் எல்லோரும் நம்பிவிடுகிறோம். நானும் நம்பினேன்.

அருவி நன்றாகத் தெரிய வேண்டும் என்று, காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். எட்டு வயது மகளுக்கு அருவிக்குப் பின்னால் போகும் அவசரம். அவள் கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது. அவள் கை வெறுங்கையாக நின்றது. கதவு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முன்னால் மடங்கி, முன் கதவின் தகட்டில் போய் மோதியது. கீல் வளைந்தது, தகடு ஒடுங்கியது. மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் கதவு மூடவில்லை. அத்தையின் கம்பளிச் சால்வையால் கட்டி, மகளை மறுபக்கம் உட்காரவைத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹ்வோல்ஸ்வொட்லூர் வரை ஊர்ந்தோம். மாற்று வண்டி வந்து சேர இரண்டு நாள் போனது.

வாடகை நிறுவனத்தின் பில் இரண்டரை லட்ச ரூபாய். இருப்பதிலேயே விலை உயர்ந்த காப்பீட்டை எடுத்திருந்தேன். காற்றால் கதவுக்கு நேரும் சேதம் அதில் அடங்காது என்ற வரி, நான் கையெழுத்திட்ட தாளிலேயே இருந்தது. அங்கே பெரும்பாலான காப்பீடுகள் அப்படித்தான். கதவு, வண்டியின் அடிப்பாகம், ஆற்று நீர் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும்போது இந்த மூன்றையும் விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள்.

பணம் போனதை மறந்துவிட்டேன். அந்த நிறுத்துமிடத்தில் மகளைத் திட்டியதை மறக்க முடியவில்லை. கதவைத் திறந்தது அவள். வண்டியை அப்படி நிறுத்தியது நான். குழந்தைக்குக் கதவைத் திறக்கத்தான் தெரியும், காற்றின் திசை பார்க்கத் தெரியாது. அது ஓட்டுகிறவரின் வேலை.

இப்போது நான் செய்வது இது. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்துகிறேன். அப்போது காற்று கதவைத் திறக்க விடாமல் மூடத்தான் பார்க்கும். திசை தெரியாவிட்டால் புல்லையோ ஆவியையோ கொடியையோ பார்ப்பேன். பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டிருப்பேன், குழந்தைக்குப் பத்து வயதானாலும். நான் முதலில் இறங்கி, கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இறக்குவேன். மூக்கு காற்றைப் பார்க்கும்போது கதவு விரல்மேல் அறைந்து மூடும் ஆபத்து உண்டு. அதனால் யாரும் கதவிடுக்கில் கை வைக்கக் கூடாது. இருபக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது. காலையில் கிளம்பும் முன் ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுவேன். ஆரஞ்சு என்றால் அன்று பயணம் இல்லை. விடுதிக்குக் கட்டிய பணம் போகட்டும்.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் ஆற்றில் இறங்கலாம் என்ற நினைப்பு

எண்ணுக்கு முன்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது மலைப் பாதை. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி அதில் போகக் கூடாது. பெரும்பாலும் ஜூன் பிற்பகுதிக்கு மேல்தான் திறப்பார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் நான்கு சக்கரமும் சுழலும் சின்ன வண்டி ஒன்றை எடுத்துவிட்டால் எல்லாப் பாதையும் நமக்குத்தான் என்று நினைப்பதில்தான் கோளாறு. அஸ்க்யா எரிமலைக்குப் போகும் எஃப் 88 இல் பாலமில்லாத ஆறுகளை வண்டியோடு கடக்க வேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் வண்டியின் முழு விலையும் உங்கள் தலையில். பனிப்பாறையிலிருந்து வரும் ஆறு காலையில் முழங்கால் அளவில் இருந்துவிட்டு, வெயிலேறிப் பனி உருகியதும் மாலையில் இடுப்பளவு வந்துவிடும். போன வழியிலேயே திரும்ப முடியாமல் போகும்.

அஸ்க்யாவை விடச் சொல்லவில்லை. 1965 இலும் 1967 இலும் அப்போலோ விண்வெளி வீரர்களை நிலவியல் பயிற்சிக்கு அழைத்துவந்த இடம் அது; குழந்தைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். மீவட்னிலிருந்து பெரிய சக்கர வண்டிகளில் வழிகாட்டியோடு ஒரு நாள் பயணம் போகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஆற்றை ஓட்டுநர் கடந்தார், நாங்கள் ஜன்னல் வழியே பார்த்தோம்.

தார் முடிந்த பிறகு பிரேக் போடுவது

"மால்பிக் எந்தார்" என்ற பலகை தார்ச்சாலை முடியப்போகிறது என்கிறது. பலகையைப் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள். சரளைக்கல்லில் ஏறிய பிறகு பிரேக்கை மிதித்தால் வண்டி உங்கள் சொல் கேட்காது. தார்ச்சாலையில் 90, சரளையில் 80 என்பது சட்டம் தரும் உச்ச வரம்பு. குடும்பத்தோடு போகும்போது சரளையில் 60 போதும். டெட்டிஃபோஸ் அருவிக்கு இரு கரையிலும் வழி உண்டு. மேற்குக் கரையின் 862 தார் போட்டது, கிழக்கின் 864 சரளை. வரைபடச் செயலி எதைக் காட்டினாலும் 862 இல் போங்கள்.

ஆடுகள்

தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். நின்றுவிடுங்கள்.

பாசி

எரிமலைப் பாறைமேல் படர்ந்த பாசியில் ஒரு டயர் தடம் பதிந்தால் அது மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம்.

பெட்ரோல்

ஆளில்லாத பங்க்குகள்தான் அதிகம். ரகசிய எண் (PIN) உள்ள வங்கி அட்டை இல்லாமல் போகாதீர்கள்.

ரெய்னிஸ்ஃபியாராவில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது

கருமணல் கடற்கரை. மெரினாவில் கால் நனைப்பதுபோல் இங்கே நனைக்க முடியாது. ஐந்தாறு சாதாரண அலைகளுக்குப் பிறகு ஓர் அலை சத்தமில்லாமல் மிகத் தொலைவு ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு என்ன நிறம் என்று பார்த்து, அது சொல்லும் எல்லையைத் தாண்டாமல் நில்லுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். புகைப்படம் எடுக்கிறவரும் கடலைப் பார்த்தே நிற்க வேண்டும்.

இருட்டட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்பது

ஜூன் கடைசியில் இருட்டாது. வடக்கே நள்ளிரவைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இன்னும் ஓர் அருவி, இன்னும் ஒரு பள்ளத்தாக்கு என்று பதினோரு மணி வரை ஓட்டிக்கொண்டே இருப்போம். கண் விழித்திருக்கும், உடம்பு தூங்கிவிட்டிருக்கும். முதல் பயணத்தில், ஒரு நேரத்தில் ஒரே வண்டி மட்டும் போகக்கூடிய குறுகிய பாலம் ஒன்றின்மேல், எதிரே வண்டி வருவதைப் பார்த்த பிறகும் நான் ஏறினேன். அவர் நின்றார், நாங்கள் பிழைத்தோம். அப்போது மணி பத்தரை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் வீட்டு விதி, மாலை ஆறுக்கு மேல் சாவி என் கையில் இருக்கக் கூடாது. அநேகமாக எல்லாச் சிற்றூரிலும் பூமிச் சூட்டில் வெந்நீர் நிரப்பிய நீச்சல் குளம் இருக்கும், அங்கே போய்விடுவோம். குளத்தில் இறங்கும் முன் பொதுக் குளியலறையில் உடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இதை வீட்டுப் பெரியவர்களிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள். அத்தையிடம் நான் சொல்லாமல் விட்டேன். முதல் நாள் அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் எங்களுக்கு முன்பே துண்டோடு கிளம்பி நின்றார்.