தில்லிக் குளிரும் காது, மூக்கு, தொண்டையும்

நவம்பர் பிறந்ததும் தில்லியில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, வாகனப் புகையையும் அண்டை மாநில வயல்களில் நெற்தாள் எரிக்கும் புகையையும் மேலெழ விடாமல் தேக்கி வைப்பதால், மயூர் விகாரிலும் ஆர்.கே.புரத்திலும் வாழும் நம் குடும்பங்களில் மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் தொடங்கிவிடுகின்றன. மூக்கின் உட்சவ்வு வறண்டு வீங்கும்போது, மூக்கின் பின்புறத்தை நடுச்செவியுடன் இணைக்கும் குழாயும் அடைபட்டுக் காது மந்தமாகிறது. குழந்தைகளுக்கு அக்குழாய் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் கிருமிகள் எளிதில் காதை எட்டுகின்றன.

கொதிக்க வைத்து ஆறவிட்ட அரை லிட்டர் நீரில் ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இரவில் மூக்கைக் கழுவுவது பெரியவர்களுக்கு நல்ல பலன் தரும். குழாய் நீரை அப்படியே பயன்படுத்தவே கூடாது. மூக்கை ஒவ்வொரு துளையாக, மென்மையாகச் சிந்த வேண்டும். காதுவலிக்குச் சூடான எண்ணெய் விடும் நம் வீட்டு வழக்கத்தை, மூத்தவர்கள் வற்புறுத்தினாலும், தயவுசெய்து கைவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது பெருந்தீங்கு விளைவிக்கும். சிறு குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் அமர்த்தி ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். நீர் கவிழ்ந்து சுட்டுவிடும் ஆபத்து உண்டு. காதில் சீழ் வடிந்தாலோ, கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தாலோ, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.