புத்தகத்தைப் பார்த்துத் தையல் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தகத்தைப் பார்த்து நான் தைத்த முதல் மேல்சட்டையின் கழுத்து, போட்டுப் பார்த்ததும் தொளதொளவென்று விரிந்து நின்றது. தையலில் கோணல் இல்லை. அளவும் சரி. புத்தகத்தை மறுபடி எடுத்து வரிவரியாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. துணியை வெட்டிய கையோடு கழுத்தைச் சுற்றி ஒரு தையல் ஓட்டச் சொல்லியிருந்தது. எதையும் எதோடும் சேர்க்காத தையல் எதற்கு என்று தாண்டிப் போயிருந்தேன்.

வளைவாக வெட்டிய விளிம்பில் துணியின் இழை சாய்வாக வந்துவிடும். அதைத் தூக்கி, குண்டூசி குத்தி, மிஷினில் வைப்பதற்குள் இழுபட்டு நீண்டுவிடும். ஒற்றைத் துணியாக இருக்கும்போதே, பிறகு வரப்போகிற தையல் கோட்டுக்குச் சற்று வெளியே, வெட்டு விளிம்பின் பக்கமாக ஓட்டுகிற அந்த ஒரு தையல்தான் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு தோளிலிருந்தும் நடுக்கழுத்தை நோக்கி, இரண்டு பாதியாக ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் சுற்றி வந்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

தொழில்முறைத் தையலைச் சொல்லித்தரும் புத்தகங்களில் பாதி வரிகள் இப்படிப்பட்டவைதான். படிக்கும்போது வேண்டாத வேலை போலத் தோன்றும். வீட்டில் தைத்தது என்று பார்த்தவுடன் தெரிகிற துணிக்கும் கைதேர்ந்தவர் தைத்த துணிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

இன்னொரு தவறு, ஒவ்வொரு படியாகப் படித்துக்கொண்டே தைப்பது. ஐந்தாம் படியில் மூடிவிட்ட பக்கத் தையலை, பாக்கெட் வைப்பதற்காக எட்டாம் படியில் பிரித்துக்கொண்டிருப்போம். முழுப் பகுதியையும் ஒருமுறை படித்துவிட்டு, காலர் மாதிரி குழப்பமான இடங்களைக் காகிதத்தில் வெட்டி மடித்துப் பார்த்துவிட்டு மிஷினில் உட்காருங்கள். படங்களில் நிழலிட்ட பகுதி துணியின் நல்ல பக்கமா, உள்பக்கமா என்பதைப் பெரும்பாலும் புத்தகத்தின் முன்பகுதியில் சொல்லியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் போனால் எல்லாம் தலைகீழாகத்தான் வரும்.

விளிம்பில் தையலுக்கு விடும் கூடுதல் துணியின் அளவில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சில பேட்டர்ன்களில், அதாவது துணி மேல் வைத்து வெட்டும் காகித வடிவங்களில், அது சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் நாம்தான் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்பே இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம், புத்தகம் 1.5 சென்டிமீட்டர் என்று சொல்லும், நம் கை பழக்கத்தில் மிஷின் பாதத்தின் ஓரத்தை வைத்தே ஓட்டிவிடும். அது ஏறக்குறைய 0.75 சென்டிமீட்டர்தான். நான்கு தையல் உள்ள பாவாடையில், தையலுக்கு இரண்டு விளிம்பு என்று கணக்குப் போட்டால், இடுப்பு 6 சென்டிமீட்டர் பெரிதாகிவிடும். ஊசியிலிருந்து 1.5 சென்டிமீட்டர் அளந்து, மிஷின் தட்டில் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பருத்தித் துணியை நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே வெட்டுங்கள். பேட்டர்னில் உள்ள நேர்கோட்டு அம்பு துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். அம்பின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள், கண் மதிப்பு போதாது. துணி மிச்சமாகட்டும் என்று சாய்த்து வைத்து வெட்டினால், துவைத்த பிறகு பேன்ட் கால் முறுக்கிக்கொள்ளும்.

இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம் என்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் நினைப்பது. ஒரு தையல் இன்னொரு தையலைக் கடப்பதற்கு முன்பே அதைத் தேய்த்து முடித்திருக்க வேண்டும். முதலில் தைத்த நிலையிலேயே, மூடியபடி ஒரு அழுத்து. நூல் துணிக்குள் படிந்துவிடும். அதன் பிறகு விரித்து அழுத்த வேண்டும். பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். மார்பு டார்ட் (உடல் வளைவுக்காக மடித்துக் கூராகத் தைப்பது) போன்ற வளைவுகளைத் தட்டையான மேசையில் தேய்த்தால் நாம் தைத்துக் கொண்டுவந்த வளைவே போய்விடும். ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி அதன் மேல் வைத்துத் தேய்க்கலாம்.

கழுத்து விளிம்பில் தைத்து உள்பக்கம் திருப்பிவிடும் துணிப்பட்டையான உள்பட்டியும் அப்படித்தான். தைத்ததும் திருப்பிவிடத்தான் கை துடிக்கும். பொறுங்கள். தையலுக்கு விட்ட துணியை இரண்டு அளவாகக் கத்தரிக்க வேண்டும். உள்பட்டியின் பக்கம் 4 மில்லிமீட்டர், சட்டையின் பக்கம் 7 மில்லிமீட்டர் என்று வைத்தால், வெளியே மேடு தெரியாமல் படிப்படியாக அமரும். பிறகு வளைவில் கத்தரி முனையால் சிறுசிறு வெட்டுகள், தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். அந்த விளிம்புகளை உள்பட்டியின் பக்கம் சாய்த்து, உள்பட்டியையும் விளிம்புகளையும் மட்டும் சேர்த்து, தையலுக்கு மிக அருகில் இன்னொரு தையல். இது வெளியே தெரியாது. ஆனால் உள்பட்டி எத்தனை முறை துவைத்தாலும் வெளியே எட்டிப் பார்க்காது.

கை வைக்கும்போது, கையின் மேல் வளைவு கைக்குழியைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் தப்பாக வெட்டிவிட்டோம் என்று நினைத்து ஓரத்தைக் கத்தரித்துவிடுவார்கள். தயவுசெய்து கத்தரிக்காதீர்கள். தோள் உருண்டைக்காக அப்படிக் கூடுதலாக வைத்து வரைவது வழக்கம். தையல் நீளத்தைக் கூட்டி வைத்து அந்த வளைவில் இரண்டு வரிசை ஓட்டி, நூலை மெல்ல இழுத்து, மடிப்பு விழாமல் அந்தக் கூடுதலைப் பரப்பிவிட வேண்டும்.

ஊசியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நடுத்தரப் பருத்திக்கு 80/12 அளவு ஊசி, பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி, தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

பொத்தான் துளையை நேராகச் சட்டையில் போட்டுவிடாதீர்கள். அதே துணி, அதே உள்கேன்வாஸ் (விறைப்புக்காக உள்ளே வைக்கும் துணி), அதே மடிப்பு உள்ள ஒரு துண்டில் போட்டு, பொத்தானை நுழைத்துப் பாருங்கள். துளையைத் திறக்கும்போது இரண்டு முனையிலும் தையலுக்கு உள்ளே ஒரு குண்டூசியைக் குறுக்காகக் குத்திவிட்டு, நடுவிலிருந்து முனையை நோக்கி வெட்டுங்கள். கத்தி வழுக்கினாலும் குண்டூசியில் தட்டி நின்றுவிடும்.