அலர்ஜி ஆய்வில் கோட்டை விடும் இடங்கள்

போன மாதம் எங்கள் ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், ஒரு நோயாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அலர்ஜி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" அந்த அம்மா "இல்லீங்க" என்றார். 'இல்லை' கட்டத்தில் டிக் விழுந்தது. பின்னால் நின்றிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டு, இதே கட்டத்தில் டிக் அடித்தவன் நான்.

ஆஸ்துமா, அலர்ஜி ஆய்வுகளில் கோஆர்டினேட்டராக வேலை பார்க்கிறேன். கையெழுத்து விட்டுப்போன ஒப்புதல் படிவம், தேதி மாறிய ரத்தக் குழாய் எல்லாம் ஆய்வைச் சரிபார்க்கிற மானிட்டர் வந்தால் பிடிபட்டுவிடும். அவற்றை விடுங்கள். யார் கண்ணிலும் படாமல் கடைசிவரை கூடவே வந்து கழுத்தை அறுப்பவை வேறு.

"அலர்ஜி மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்பது

ஸ்கின் பிரிக் டெஸ்ட் பார்த்திருப்பீர்கள். முன்கையின் உட்புறத்தில் வீட்டுத் தூசிப் பூச்சி, கரப்பான், மகரந்தம் என்று ஒவ்வொரு சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, லான்செட்டால் லேசாகக் குத்துவோம். தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் அந்தப் பொருளுக்கான ஐ.ஜி.ஈ.யை (அலர்ஜிக்குக் காரணமான ஆன்டிபாடி) சுமந்துகொண்டிருந்தால், தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். 15, 20 நிமிடத்தில் கொசு கடித்த மாதிரி தடிக்கும். தோல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஹிஸ்டமினையே ஒரு சொட்டு வைப்போம். வெறும் குத்துக்கே தடிக்கிற தோலா என்று பார்க்க உப்புநீர் ஒரு சொட்டு. உப்புநீர்த் தடிப்பைவிடக் குறைந்தது 3 மி.மீ. பெரிதாக இருந்தால் பாசிட்டிவ்.

உடம்பில் ஹிஸ்டமினைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின், அதாவது அலர்ஜி மாத்திரை, இருந்தால் இந்தக் கணக்கே கெட்டது. அதனால்தான் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறோம். இது எல்லோருக்கும் தெரியும். நோயாளி வீட்டில் அந்த மாத்திரைக்கு அந்தப் பெயர் கிடையாது என்பதுதான் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. செட்டிரிசின் அங்கே 'சளி மாத்திரை'. குளோர்பெனிரமின் இருமல் டானிக்குக்குள் ஒளிந்திருக்கும். மாண்டெலுகாஸ்ட் 'வீசிங் மாத்திரை'. அது தனியாக வந்தால் பெரிய தொல்லை இல்லை, ஆனால் நம்மூரில் பெரும்பாலும் லெவோசெட்டிரிசினையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ஹைட்ராக்சிசின் 'அரிப்பு மாத்திரை'. குழந்தைக்குப் பசி எடுக்கக் கொடுக்கும் சிரப்பில் சைப்ரோஹெப்டடின். இவை போக, "மெடிக்கல்ல சொல்லி ஒரு செட் வாங்கிப் போட்டேன்" என்பார்களே, கத்தரித்த அட்டையில் பெயர்கூட இருக்காது, அது வேறு.

நான் டிக் அடித்த அந்தப் பழைய ஆய்வு, ஆஸ்துமா உள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தூசிப் பூச்சிக்கு எதிரான உணர்திறன் இருக்கிறது என்று பார்ப்பது. எல்லாம் முடிந்து தரவு புள்ளியியல்காரரிடம் போனது. அவர் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் சார், இத்தனை பேருக்கு எதுக்குமே தடிக்கலையா?"

ஃபைல்களை இறக்கிப் பார்த்தேன். எல்லோருக்கும் ஹிஸ்டமின் கட்டத்தில் '+' போட்டிருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. இடம் மிச்சமாகட்டும் என்று பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டே கட்டத்தோடு அந்தப் படிவத்தைப் போட்டவன் நானேதான். மருந்து பாதி இறங்கிய தோலிலும் ஹிஸ்டமின் எப்படியோ 3 மி.மீ. தடித்து '+' வாங்கிவிடும். மருந்து இல்லாதிருந்தால் அது 5, 6 வந்திருக்கலாம். அதே கையில் 4 மி.மீ. வர வேண்டிய தூசிப் பூச்சி 2க்குச் சுருங்கி நெகட்டிவ் ஆகியிருக்கும். மி.மீ. எழுதியிருந்தால் சந்தேகப்பட்ட ஆட்களைத் தனியாக எடுத்துவைத்திருக்கலாம். வெறும் '+'ஐ வைத்துக்கொண்டு யாரைச் சந்தேகப்படுவது?

ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஓர் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அலர்ஜிக்கெல்லாம் ஒண்ணும் சாப்பிடலையே தம்பி. மூக்கு ஒழுகினா ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்குவேன். அது தூங்கறதுக்கு."

திரும்பவும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம், திரும்பவும் ஒப்புதல், திரும்பவும் குத்து. வந்தவர்கள் பாதிகூட இல்லை. வீடு மாறியவர்கள், நம்பர் மாற்றியவர்கள், "ஒரு தடவை குத்தினது போதும் சார்" என்றவர்கள். ஆறு மாதமும் ஆய்வுப் பணத்தில் மிச்சமிருந்ததும் அதிலேயே போயின. மாத்திரைகூடப் பரவாயில்லை, யாருக்கும் நடக்கும். அந்த இரண்டு கட்டத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

மி.மீ.யின் அருமை தெரிய வேண்டுமென்றால் லண்டனில் நடந்த லீப் ஆய்வைப் பாருங்கள். 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள், ஒரு பாதிக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், மறு பாதியைத் தவிர்க்க வைத்தார்கள். 4 மி.மீ.க்கு மேல் தடித்த குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. மற்றவர்களைத் தடிப்பே இல்லாதவர்கள், 1 முதல் 4 மி.மீ. வரை தடித்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. தடிப்பே இல்லாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு 5 வயதில் கடலை அலர்ஜி இருந்தது. சாப்பிட்டு வந்தவர்களில் 1.9 சதவீதம்தான். லேசாகத் தடித்தவர்களில் இதே கணக்கு 35.3, 10.6. அந்த 1 மி.மீ.யையும் 2 மி.மீ.யையும் நெகட்டிவ் என்று எழுதித் தள்ளியிருந்தால் இரண்டாவது கணக்குக்கே வழியில்லை.

இப்போது நாங்கள் கேட்பதில்லை, பையைக் கொட்டச் சொல்கிறோம். வீட்டிலிருக்கும் மாத்திரை, டானிக், தைலம், பாதி அட்டை எதுவானாலும் கொண்டுவரச் சொல்லி மேஜையில் பரப்பிவிடுவோம். தடிப்பைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, அதன்மேல் செலோடேப்பை ஒட்டி எடுத்து, படிவத்தில் ஒட்டிவிடுகிறோம். நாளைக்கு யார் கேட்டாலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

பாசிட்டிவ் வந்ததும் 'அலர்ஜி' என்று எழுதுவது

அது உணர்திறன் மட்டும்தான், உடம்பில் அந்தப் பொருளுக்கான ஐ.ஜி.ஈ. இருக்கிறது என்பதற்கு மேல் இல்லை. தின்றால், முகர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

மொத்த ஐ.ஜி.ஈ.யை நம்புவது

ரத்தத்தில் அந்த அளவு குடற்புழு இருந்தாலும் ஏறும்.

தீபாவளிக்கு மறுவாரம் ஆள் சேர்ப்பது

பட்டாசுப் புகையில் இரைப்பு முற்றி ஓடிவருகிறவர்களைச் சேர்த்தால், ஆறு வாரத்தில் பலர் தானாகவே தேறிவிடுவார்கள். மோசமான நாளில் அளந்தால் அடுத்த அளவு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதை மருந்தின் கணக்கில் எழுதிவிட்டுச் சந்தோஷப்படுவோம். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆஸ்துமா ஆய்வை நான் படிப்பதுகூட இல்லை.

"இப்ப பரவாயில்லை சார்" என்ற வார்த்தையை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமாலை இன்ஹேலரில் இழுத்தபோது முதல் ஒரு விநாடியில் ஊதும் காற்றின் அளவு சுமார் 20 சதவீதம் கூடியது. போலி இன்ஹேலருக்கும் போலி அக்குபஞ்சருக்கும் சுமார் 7தான், சும்மா உட்கார வைத்ததற்கும் அதே 7. ஆனால் எவ்வளவு குணம் தெரிகிறது என்று கேட்டால் சால்புடமாலுக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46. சும்மா உட்கார்ந்தவர்கள் சொன்னது 21. நுரையீரலுக்குத் தெரிந்த வித்தியாசம் ஆளுக்குத் தெரியவில்லை.

பஸ் ஏறும் முன் ஒரு பஃப்

நுரையீரல் அளவு பார்க்க ஊதிக் காட்ட வரும் நாளில், வழியில் இரைத்துவிடக் கூடாதே என்று பலர் இன்ஹேலரை இழுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அப்புறம் மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று ஊத வைத்தால், ஆஸ்துமாவுக்கு நாம் எதிர்பார்க்கிற 12 சதவீதமும் 200 மில்லியும் எங்கே கூடும்? எத்தனை மணிக்குக் கடைசியாக இழுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். அதற்காக இரைக்கிறவரை இழுக்காதே என்று சொல்லித் தொலைக்காதீர்கள். இழுக்கட்டும், இன்னொரு நாள் வரட்டும்.

அட்ரினலின் எங்கே?

"அலமாரியில் சார். சாவி சிஸ்டர்கிட்ட. அவங்க சாப்பிடப் போயிருக்காங்க." குத்தியதும் யாருக்காவது கடும் அலர்ஜி வந்தால் உயிரைக் காக்கிற ஊசி அது. இந்தப் பதில் வந்தால் அன்று யாரையும் குத்தாதீர்கள்.

கொடுத்த மருந்து உள்ளே போனது என்று நம்புவது

எத்தனை தடவை அழுத்தியது என்று எண்ணிக் காட்டும் கவுன்டர் உள்ள இன்ஹேலரிலும் ஏமாறலாம். நாளைக்கு டாக்டர் பார்ப்பார் என்று முந்தின நாள் ராத்திரி ஜன்னல் பக்கம் நீட்டி அழுத்தித் தள்ளுகிறவர்கள் உண்டு. எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், நம் கண் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இதையும் பட்டுத்தான் கற்றேன். ரோட்டாகேப், அதாவது கருவியில் போட்டு இழுக்க வேண்டிய பொடி கேப்சூல், எழுதிக் கொடுத்து அனுப்பிய ஒரு பெரியவர் மூன்று வாரம் கழித்து வந்தார். எண்ணிப் பார்த்தால் கேப்சூல் கணக்கு ஒன்று பிசகவில்லை. இரைப்புதான் அப்படியே இருந்தது. "எப்படிண்ணே எடுக்கறீங்க, காட்டுங்க" என்றேன். பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.