ராத்திரி லோ சுகர் பயம்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

டைப் 1 சர்க்கரை நோய் வந்து எட்டு மாதமான ஒரு தம்பி போன வாரம் போன் செய்தான். "அக்கா, படுக்கும்போது சுகர் 250 இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினெட்டு வருடமாக இன்சுலின் போடுகிறேன், அதில் இரண்டு வருடம் நானும் இதையேதான் செய்தேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுக்கக் கூடாது, ஸ்ட்ரிப் தீரும் முன் வாங்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பயந்துபோய் சுகரை ஏற்றி வைத்துக்கொண்டு படுப்பது

ஹாஸ்டலில் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு முழித்தேன். தலையணை வரை வியர்வை, கை நடுக்கம், மீட்டரில் 38. ரூம்மேட் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். பிழைத்தேன், ஆனால் அன்றிலிருந்து இருட்டினாலே பயம். யாரையும் கேட்காமல் ராத்திரி ஊசியில் நாலு யூனிட் குறைத்தேன், படுக்கும் முன் பாலும் பிஸ்கட்டும், அப்படியும் மீட்டர் 200க்குக் கீழே காட்டினால் ஒரு வாழைப்பழம். காலையில் 280, 300. நாக்கு வறண்டு, ராத்திரியில் மூன்று தடவை பாத்ரூம். நிம்மதியாகத் தூங்கத்தானே இத்தனையும் செய்தேன், அந்தத் தூக்கமும் போனது. ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் டெஸ்ட், 7.4லிருந்து 10.1 ஆனது. கண் டாக்டர் விழித்திரையில் ரத்தக்கசிவுப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னபோது எனக்கு 23 வயது.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது என்னவென்றால், ஒவ்வொரு முறையும் டாக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து இன்சுலின் டோஸை ஏற்றிக் கொடுத்தார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் குறைத்துக்கொண்டேன். ஏன் ஏறுகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, ராத்திரி பயமாக இருக்கிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பார்த்த ஒரு டாக்டரம்மாவிடம்தான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. "டோஸைச் சொன்னபடி போடு, எதுவும் கூடுதலாகச் சாப்பிடாதே, மூணு ராத்திரி 3 மணிக்கு அலாரம் வச்சுப் பார்த்து எழுதிட்டு வா" என்றார். அம்மாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு பார்த்தேன். 11 மணிக்கு 165, மூன்று மணிக்கு 66, காலையில் 140, மூன்று நாளும் ஏறக்குறைய இதே கதை. ராத்திரி 9 மணிக்கு நான் போட்டது என்பிஹெச் என்ற வகை இன்சுலின். அது போட்ட நாலு மணி நேரத்திலிருந்து உச்சத்தில் வேலை செய்யும், அதாவது சரியாக நடுராத்திரியில். உச்சம் அவ்வளவாக இல்லாத கிளார்ஜின் என்ற இன்சுலினுக்கு மாற்றினார், 3 மணி லோ நின்றது. இரண்டு வருடப் பயத்துக்குக் காரணம் ஒரு காகிதத்தில் மூன்று வரியில் இருந்தது.

ஆகவே பயமாக இருந்தால் 3 மணிக்குப் பாருங்கள், எழுதுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். டைப் 1 உள்ளவர்கள் ராத்திரி ஊசியை அடியோடு நிறுத்தினால் கீட்டோ அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறுவது) வரும், அது உயிருக்கே ஆபத்து.

11 மணிக்குக் கரெக்‌ஷன் ஊசி

இதுவும் அதே பயத்தின் மறுபக்கம். ஏற்றி வைத்த சுகரைப் பார்த்துப் பதறி, படுக்கும் நேரத்தில் கூடுதலாக ராபிட் (வேகமாக வேலை செய்யும் இன்சுலின்) போடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் போட்டதே மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் உடம்பில் இருக்கும், இரண்டும் சேர்ந்து 2 மணிக்குக் கீழே தள்ளிவிடும். படுக்கும் நேரத்தில் எவ்வளவு போடலாம், எப்போது போடக் கூடாது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லோவுக்குச் சாக்லேட்

வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டப்பா தலைமாட்டில் இருக்கட்டும், சமையலறையில் வேண்டாம்.

சாயங்காலம் ஷட்டில் ஆடியதை மறப்பது

ஆட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நாளில் 3 மணி அலாரம் கட்டாயம்.

சென்சார் கத்தியதும் சர்க்கரையை அள்ளிப் போடுவது

கையில் ஒட்டி எப்போதும் சுகரைக் காட்டும் சென்சார் இருந்தால், அந்தக் கையின்மேல் படுக்கும்போது பொய்யாகவே லோ காட்டும். உடம்பில் லோவுக்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால், புரண்டு படுத்து விரலில் குத்திப் பாருங்கள்.

கூட இருப்பவர்களிடம் சொல்லாமல் இருப்பது

அந்த ரூம்மேட்டுக்கு எனக்குச் சுகர் இருப்பது தெரிந்திருந்தது, அதனால் இன்று எழுதுகிறேன். அவளிடம் அப்போதே சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை: நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும்.